வேறு மாத்திரை ஏதும் உண்டா

செப்டம்பர் 2, திங்கள்

அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று. மூன்றாவது மாடி, ஆறு கட்டில் போட்ட அறை, ஜன்னல் பக்கம். கீழே பஸ் போகும் சாலை. முப்பத்தொரு வருடம் கண்டக்டராக நின்ற கால்கள் கட்டிலின் விளிம்பில் கிடக்கின்றன.

வாங்கியவை: பிளாஸ்க், வாளி, கப், சோப்பு, இரண்டு துண்டு, ஒரு பாய். பாய் எனக்கு.

வியாழக்கிழமை அறுவை சிகிச்சை. பெருங்குடலின் இடப்பக்க வளைவில் புற்று. அப்பாவிடம் நாங்கள் சொல்லியிருப்பது ‘அடைப்பு’. இது செண்பகம் அக்காவின் ஏற்பாடு.

“கேன்சர்னு காதுல விழுந்தா பாதி உசுரு அங்கயே போயிரும். நீ வாயத் தொறக்காத, கேட்டியா” என்றாள். அக்கா கணக்கு டீச்சர். அம்மா போன பிறகு எங்கள் வீட்டில் விடை சொல்வது அவள்தான்.

டாக்டர் ஹெப்சிபா கூப்பிட்டபோது அவள் அப்பாவைக் கேன்டீனுக்கு அனுப்பினாள். “ஒரு டீ குடிச்சிட்டு வாங்கப்பா. உள்ள கையெழுத்துப் போடுற வேலதான்.” அவர் எழுந்து போனார். அவருடைய வயிற்றைப் பற்றிப் பேச நாங்கள் இருவரும் உள்ளே போனோம்.

டாக்டர் ஒரு காகிதத்தில் குழாய் வரைந்தார். நடுவில் இரண்டு கோடு. “இந்தத் துண்ட எடுத்துருவோம். ரெண்டு முனையையும் சேர்ப்போம். வெட்டுறது கஷ்டமில்ல. சேர்த்த இடம் பிடிக்கணும். அதுதான் கவலை. கசிஞ்சா குடல்ல உள்ளது வயித்துக்குள்ள இறங்கும். உயிருக்கே ஆபத்தாகலாம்.”

பிறகு எதெல்லாம் கசிவுக்கு வழிவிடும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். வயது, அறுபத்தெட்டு. சர்க்கரை, உண்டு. ரத்தம் குறைவு. எடை ஆறு கிலோ இறங்கியிருக்கிறது. புகை?

“அம்மா போனதோட விட்டுட்டாங்க” என்றாள் அக்கா.

“சுகர் மாத்திரை தவிர வேற மாத்திரை ஏதும் உண்டா? ஸ்டீராய்டு மாதிரி?”

மாத்திரை என் இலாகா. அக்கா என்னைப் பார்த்தாள்.

“இல்ல டாக்டர்” என்றேன்.

“ஆபத்து ரொம்ப இருந்தா சேர்த்த இடத்துக்கு மேல குடலை வெளிய எடுத்துப் பை வைப்போம். மூணு மாசம் கழிச்சு உள்ள வச்சுரலாம். இவரு எல்லைக்கோட்டுல இருக்காரு. பை இல்லாம செய்யலாம்னு நினைக்கேன்.”

அந்தப் பட்டியலைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறேன். அதில் வினைச்சொல் இல்லை. வயது. சர்க்கரை. புகை. யார் என்ன செய்தார்கள் என்று அது கேட்பதில்லை. அதனால்தானோ என்னவோ சுலபமாகப் பதில் சொல்ல முடிந்தது.

செப்டம்பர் 3, செவ்வாய்

காலை இட்லி முடிந்ததும் அப்பா சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தார். வலி செட்.

மெடிக்கலில் அண்ணாச்சி மாத்திரைகளை அட்டையிலிருந்து கத்தரித்து நாளுக்கு ஒன்றாக மடித்துத் தருவது. ஒரு ரோஸ், ஒரு மஞ்சள், இரண்டு சின்ன வெள்ளை. பெயர் கிடையாது, சீட்டு கிடையாது. முட்டி வலி என்றால் போதும். மூன்று வருடமாக ஒவ்வொரு ஞாயிறும் ஏழு பொட்டலம் வாங்கி வருவது நான்.

இதை நான் மாத்திரையாக நினைத்ததே இல்லை. மாத்திரை என்றால் டாக்டர் எழுதித் தருவது. இது வீட்டுச் சாமான். சீரகம், மிளகு, வலி செட்.

“இங்க வந்தும் இதப் போடுதீங்களா?”

“போடாட்டா பாத்ரூமுக்கு யாரு நடப்பா, நீயா?”

மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்குப் போகும் வழியில் மெடிக்கலில் நின்றேன்.

“அந்தச் சின்ன வெள்ளை என்னது அண்ணாச்சி?”

“ஏன், அப்பாவுக்கு வலி கேக்கலியா?”

“கேக்கு. சும்மாதான்.”

“அது வீக்கத்த வத்த வைக்கும். ஸ்டீராய்டு தம்பி. சின்ன டோஸ்தான். அது இல்லன்னா செட்டே இல்ல, மத்ததெல்லாம் துணைக்குப் போறது.” சிரித்துக்கொண்டே அடுத்த ஆளுக்கு இருமல் மருந்து எடுத்தார்.

திரும்பி வந்து, “ஆபரேஷன் முடியுற வரைக்கும் செட் போடக் கூடாதாம்” என்றேன்.

“யாரு சொன்னா?”

“டாக்டர்.”

மீதியிருந்த ஐந்து பொட்டலத்தையும் கொடுத்தார். படிக்கட்டு ஓரத்துக் குப்பைத் தொட்டியில் போட்டேன். இரண்டு நாள் நிறுத்தினால் உடம்பை விட்டுப் போய்விடும். இதற்கு என்னிடம் எந்த ஆதாரமும் இல்லை. ஆய்வேட்டில் இப்படி ஒரு வாக்கியம் எழுதினால் நெறியாளர் சிவப்பு மையில் வட்டம் போடுவார்.

நான்கு வருடமாக அந்த ஆய்வேடு முடியவில்லை. வேலையும் இல்லை. அப்பா என்னைப் பற்றி ஊரில் சொல்லும் நல்ல வார்த்தை ஒன்றுதான். “எம்மவன் வாங்கிட்டு வார மாத்திரையிலதான் நான் நடமாடுதேன்.” பார்பர் கடையில் சொல்வார். கல்யாண வீட்டில் சொல்வார்.

நாளைக் காலை டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

செப்டம்பர் 4, புதன்

அப்பாவால் எழுந்து நிற்க முடியவில்லை. முட்டி இரண்டும் வீங்கிவிட்டன. ஈ.சி.ஜி. எடுக்கச் சக்கர நாற்காலியில் கொண்டுபோனார்கள். அவர் போயிருந்த நேரத்தில் டாக்டர் வந்தார்.

“நேத்து நடந்தாரே. இன்னிக்கு என்ன?”

“முட்டி வலி டாக்டர். நின்ன வேலை.”

“வலிக்கு ஏதும் போடுறாரா?”

“தைலம் தேய்ப்பாங்க.”

தைலம். அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. எங்கள் வீட்டில் தைலமே கிடையாது.

“வேற ஏதும் சொல்லணுமா?”

நான் வாயைத் திறந்தேன். அக்கா முந்திக்கொண்டாள். “பை மட்டும் வேண்டாம் டாக்டர். அத அவரு தாங்க மாட்டாரு.”

“இப்ப இருக்கிற நிலைமைக்கு வேண்டியிருக்காது” என்று எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

அடுத்த கட்டில்காரருக்குப் பை இருக்கிறது. அவர் மனைவி அதை மாற்றும்போது திரையை இழுத்துக்கொள்வார். வாசனை திரையை மதிப்பதில்லை. மதியம் அப்பா தாழ்ந்த குரலில் கேட்டார்.

“ஏல, எனக்கும் இந்த மாதிரி ஏதும் வச்சுருவாங்களா?”

“இல்லப்பா.”

“வச்சாங்கன்னா நான் வீட்டுக்கு வரமாட்டேன், சொல்லிட்டேன். அடைப்புக்கு எதுக்குப் பை?”

செட் விஷயத்தை அவருக்காகத்தான் நான் டாக்டரிடம் சொல்லாமல் இருக்கிறேன். இந்த வாக்கியத்தை இரண்டு முறை எழுதி ஒரு முறை அடித்தேன்.

செப்டம்பர் 5, வியாழன்

ஏழரைக்கு உள்ளே. பதினொன்றே காலுக்கு வெளியே.

சேர்த்துவிட்டார்கள். பை இல்லை.

வெட்டிய துண்டை ஒரு தட்டில் வைத்துக் கதவு வரை கொண்டுவந்து காட்டினார்கள். ஒரு சாண் இருக்கும். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் பார்த்தேன். இத்தனை நாள் அவருக்குச் சோறு செரித்துக்கொடுத்த ஒன்று.

ஆசிரியர் தினம். அக்காவின் போனில் வாழ்த்துகள் வந்துகொண்டே இருந்தன. கண்ணைத் துடைத்துக்கொண்டே ஒவ்வொரு பிள்ளைக்கும் நன்றி அனுப்பினாள்.

செப்டம்பர் 6, வெள்ளி

ஐ.சி.யூ.வில் காலையும் மாலையும் கால் மணி நேரம் பார்க்கலாம். பிரஷர் குறைவாக இருக்கிறதாம். ஆபரேஷனில் ரத்தம் போனதால் இருக்கலாம். பாட்டில் ஏற்றுகிறார்கள்.

துண்டு துவைத்தேன். வராந்தாக் கம்பியில் இடமில்லை.

போனில் படித்தேன். மூன்று விஷயம். அந்த மாத்திரை புண் ஆறுவதைத் தாமதிக்கும். ரொம்ப நாள் போட்டவர் திடீரென நிறுத்தினால் பிரஷர் விழும். காய்ச்சலையும் வயிற்று வலியையும் வெளியே தெரியாமல் மறைக்கும்.

போனை அணைத்துச் சட்டைப் பையில் வைத்தேன். அதே இடத்தில் அப்பா பொட்டலங்களை வைத்திருப்பார்.

சின்ன டோஸ்தான் என்றார் அண்ணாச்சி.

செப்டம்பர் 7, சனி

பிள்ளையார் சதுர்த்தி. தெருமுனையில் ஒலிபெருக்கி. அக்கா டிபன் பாக்ஸில் கொழுக்கட்டை கொண்டுவந்து நர்ஸ்களுக்குக் கொடுத்தாள்.

அப்பா இரண்டு முறை வாந்தி. பச்சையாக. கண் திறந்து என்னைப் பார்த்து, “உள்ள போங்க, உள்ள போங்க, படியில நிக்காதீங்க” என்றார். அக்கா சிரித்தாள், பிறகு வெளியே போய் அழுதாள்.

பிரஷர் ஏறவில்லை. டியூட்டி டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். அப்பா முகம் சுளிக்கவில்லை. “வயிறு மெத்துன்னு இருக்கு. காய்ச்சலும் இல்ல. நல்ல அறிகுறிதான்.”

“காய்ச்சல் இல்லன்னாலே பாதி கண்டம் தாண்டியாச்சு” என்றாள் அக்கா. எனக்குக் கொழுக்கட்டை கொடுத்தாள். அதை மூடியிலேயே திருப்பி வைத்தேன்.

காய்ச்சல் இல்லாதது எதனால் என்று இந்தக் கட்டிடத்தில் எனக்கு மட்டும் தெரியும்.

நாளை.

செப்டம்பர் 8, ஞாயிறு

காலைப் பார்வை நேரம். அப்பாவின் கை குளிர்ந்திருந்தது. நாடித் துடிப்பு நூற்று இருபத்தெட்டு. எமல்டா சிஸ்டர் தாளில் பிரஷரைக் குறித்துக்கொண்டிருந்தார். எண்பது.

“மருந்து ஏத்தியும் நிக்க மாட்டேங்கு. ஏன்னே தெரியல” என்றார். என்னிடம் சொல்லவில்லை, தாளிடம் சொன்னார்.

“சிஸ்டர்” என்றேன். “அப்பா மூணு வருஷமா ஸ்டீராய்டு போட்டாங்க.”

பேனா நின்றது.

“தினமுமா?”

“தினமும். முட்டி வலிக்கு. செட்.”

“எத்தன மில்லி?”

“தெரியாது. சின்னது. வெள்ளை. ரெண்டு.”

அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். “கடைக்குப் போன் போடுங்க. இப்பவே. நான் மேடத்துக்குப் போடுதேன்” என்று எழுந்துவிட்டார்.

ஆறு முறை மணியடித்த பிறகு அண்ணாச்சி போனை எடுத்தார். “ஒண்ணு அஞ்சு மில்லி. ரெண்டு சேர்ந்து பத்து. என்னாச்சு தம்பி?” சொன்னேன். “எங் கட பேரச் சொல்லிராத” என்றார்.

டாக்டர் ஹெப்சிபா சர்ச்சிலிருந்து நேராக வந்தார். வெள்ளைச் சேலை, தலையில் முக்காடு போட்ட மடிப்பு இன்னும் கலையவில்லை. ஊசி போடச் சொன்னார். மாத்திரை பழக்கத்தில் உடம்பு தானே சுரக்க மறந்துபோன ஒன்றைத் திருப்பிக் கொடுக்கிற ஊசி என்றார். பிறகு எங்களை வராந்தாவுக்கு அழைத்தார்.

அக்கா பதறினாள். “அதப் போயி மாத்திரைன்னு யாரு டாக்டர் நெனச்சா? எங்க ஸ்கூல்ல பாதி டீச்சர் அதத்தான் போடுதாங்க. இவனுக்கும் தெரியாது. பாவம், தேடிப் பாத்துக் கண்டுபிடிச்சுச் சொல்லிருக்கான்.”

டாக்டர் என்னைப் பார்த்தார். புதன்கிழமை தைலம் என்று சொன்னவனைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. நானும் அக்காவைத் திருத்தவில்லை.

பன்னிரண்டு மணிக்குப் பிரஷர் நூற்றுப் பத்து. அப்பாவுக்குத் தெளிவு வந்தது. ஸ்கேனுக்குக் கொண்டுபோனார்கள். சேர்த்த இடத்தில் கசிவு. மறுபடி திறக்க வேண்டும், கழுவ வேண்டும், பை வைக்க வேண்டும். இன்றே.

டாக்டர் நாற்காலியை இழுத்து அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்தார். அக்கா கண்ணால் ஜாடை காட்டினாள். “அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது டாக்டர். நாங்க சொல்லுதோம்.”

“நீங்க சொன்னது போதும்மா. இனி அவர்ட்டதான் கேப்பேன்.”

நாங்கள் திரைக்கு இந்தப் பக்கம் நின்றோம்.

“ஐயா, பீடி சிகரெட் உண்டா?”

“உண்டு. நாளைக்கு நாலு. பஸ் ஸ்டாண்டுல வச்சு. பிள்ளைகளுக்குத் தெரியாது.”

அக்கா என் முழங்கையைப் பிடித்தாள்.

“கடைசியா எப்ப?”

“இங்க சேர வாரதுக்கு முந்தி. வாசல்ல.” மூச்சு வாங்கினார். “டாக்டரம்மா, இது கேன்சருக்குப் பண்ணுன ஆபரேஷன்தானே?”

டாக்டர் நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்தார்.

“ஆமாய்யா. எப்படித் தெரியும்?”

“கீழ வாசல்ல கேன்சர்னு இம்புட்டுப் பெரிய எழுத்துல எழுதிப் போட்டுருக்கே. முப்பது வருசம் போர்டு பாத்துப் பிழைச்சவன். பிள்ளைக மறைக்காங்கன்னு நானும் தெரியாத மாதிரி இருந்தேன். பாவம், அவங்க மனசு கஷ்டப்படும்லா.”

டாக்டர் பையைப் பற்றிச் சொன்னார். ஏன், எவ்வளவு நாள், எப்படி மாற்றுவது. வைக்காவிட்டால் என்ன ஆகும் என்றும் சொன்னார். அப்பா முழுவதும் கேட்டார்.

“வச்சா பிழைப்பனா?”

“வாய்ப்பு கூடும்.”

“அப்ப வைங்க. இத மொதல்லயே எங்கிட்டக் கேட்டிருக்கலாம்.”

நான்கு நாளாக அவருக்காக என்று எழுதிக்கொண்டிருந்தேன். அவர் முடிவெடுக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

ஐந்து மணிக்கு உள்ளே கொண்டுபோனார்கள். ஏழு மணிக்கு வெளியே. வாயில் குழாய். பை.

செப்டம்பர் 9, திங்கள்

உயிரோடு இருக்கிறார்.

செப்டம்பர் 11, புதன்

வாயிலிருந்த குழாயை எடுத்தார்கள். தண்ணீர் கேட்டார். பஞ்சை நனைத்து உதட்டில் வைத்தேன். பல்லால் பிடித்துக்கொண்டு விடவில்லை.

ரத்தத்தில் கிருமி இன்னும் இருக்கிறது. எண்கள் இறங்குகின்றன, மெதுவாக. டாக்டர் சொன்னார்: “முன்னாடியே தெரிஞ்சிருந்தா அன்னிக்கே பை வச்சிருப்போம். ஸ்டீராய்டையும் ஊசியாக் கொடுத்திருப்போம். அப்பவும் கசிஞ்சிருக்கலாம். ஆனா இந்த அளவுக்குப் போயிருக்காது.” யாரையும் பார்க்காமல் சொன்னார். அக்கா தலையசைத்தாள். “தெரியாமப் போச்சே டாக்டர்.”

செப்டம்பர் 13, வெள்ளி

பையை எப்படி மாற்றுவது என்று எமல்டா சிஸ்டர் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். வெதுவெதுப்பான தண்ணீர், மென்மையான துணி, அழுத்தித் தேய்க்கக் கூடாது. வெளியே இருக்கும் குடல் சிவப்பாக, ஈரமாக, நாவின் நுனி போல இருக்கிறது. அதற்கு வலி உணர்வு இல்லையாம். தொட்டபோது அது சுருங்கியது. கையை எடுத்துவிட்டேன்.

“அதெல்லாம் பழகிரும். நீங்க கைய இழுக்குதது அவருக்குத் தெரியக் கூடாது” என்றார்.

அக்காவால் பார்க்க முடியவில்லை. அதனால் இது இனி என் வேலை.

செப்டம்பர் 15, ஞாயிறு

மறுபடி மூன்றாவது மாடி. இந்த முறை கதவோரக் கட்டில். காய்ச்சல் இல்லை; இப்போது அந்தச் சொல்லுக்கு அதன் பொருள் மட்டும்தான். அக்கா கேன்டீனில் கஞ்சி வாங்கப் போயிருந்தாள். நான் பையை மாற்றிக் கை கழுவிவிட்டு வந்தேன்.

அப்பா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“டாக்டரம்மாட்ட நேத்து ஒண்ணு கேட்டேன்” என்றார்.

“என்னது?”

“ஆபரேஷனுக்கு முந்தி செட்ட நிறுத்தச் சொன்னீங்களேன்னு. நான் சொல்லவே இல்லையேன்னாங்க.”

துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். கை காய்ந்து வெகுநேரம் ஆகியிருந்தது.

“ஒனக்கு எப்பத் தெரியும்?”

“செவ்வாக்கிழம.”

“வெட்டுனது வியாழன்.”

“ஆமாப்பா.”

“நீ சொன்னது ஞாயித்துக்கிழம.”

“ஆமா.”

அவர் கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். வராந்தாவில் சாப்பாட்டு வண்டி வந்து, நின்று, போனது.

“நான் கேட்டுத்தான வாங்கிட்டு வந்த” என்றார் கண்ணைத் திறக்காமல். “அதுல ஒனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா அந்த அஞ்சு நாளு ஒன்னோடதுதான்.”

“ஆமா.”

“செண்பகத்துட்ட சொல்லிராத. அவ ஆயுசுக்கும் மறக்க மாட்டா. எனக்குப் பொறவு ஒங்க ரெண்டு பேருதான். நமக்குள்ள கெடக்கட்டும்.”

அக்கா தூக்குவாளியோடு வந்தாள். கஞ்சியைத் தம்ளரில் ஊற்றி ஆற்றினாள். அப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“என்ன, ரெண்டு பேரும் சத்தத்தையே காணும்?”

“ஒண்ணுமில்ல. கஞ்சியக் குடு” என்றார் அப்பா. என்னைப் பார்த்து லேசாகத் தலையை அசைத்தார், வேண்டாம் என்று.

அவர் குடித்து முடிக்கும் வரை காத்திருந்தேன். வாயைத் துடைத்துவிட்டேன். ஸ்டூலை அக்கா பக்கம் தள்ளினேன்.

“உக்காருக்கா” என்றேன்.

செவ்வாய்க்கிழமை காலை இட்லியிலிருந்து ஆரம்பித்தேன்.